பொருள் எங்கடா பேராண்டி?

நாப்பத்தாறு பக்கம், பேராண்டி. நீ காப்பி குடிக்கப் போன நேரத்துல எண்ணிப் பாத்துட்டேன். மேல பளபளன்னு கண்ணாடித்தாளு, பின்னால கறுப்பு அட்டை, ஓரத்துல சுருள் கம்பி. என்னடா இதுன்னு கேட்டா, "திட்ட முன்மொழிவு தாத்தா, கண்மாயைச் சரிபண்ண நிதி கேட்டு கம்பெனிக்கு அனுப்பப்போறோம்"ங்கிற. அனுப்பு, அனுப்பு. நிதி வரலேன்னாலும் கரை உடைஞ்ச இடத்துல வச்சு அடைக்கலாம்.

கோவிச்சுக்காத, உக்காரு. முப்பத்தேழு வருசம் தாலுகா ஆபீசு வாசல்ல, வேப்பமரத்தடியில மனு எழுதுனவன் நான். முகூர்த்த நாள்னா மண்டபத்துல மேசை போட்டு மொய் எழுதுனவன். கேக்கிறவன் முகத்தையும் பாத்திருக்கேன், குடுக்கிறவன் முகத்தையும் பாத்திருக்கேன். உன் டிரஸ்டுக்கு ஆலோசகர் வேணும்னா என் பேரப் போட்டுக்க. சம்பளம் வேண்டாம், வெத்தலச் செலவு போதும்.

மனுவுல முதல்ல என்ன எழுதுவோம்? அனுப்புநர், பெறுநர். அடுத்து 'பொருள்'னு ஒரு வரி. உசுரே அந்த வரியிலதான். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அம்மா பட்டா மாத்தணும்னு வந்துச்சு. புருசன் செத்த கதை, கொழுந்தன் வேலிய நகட்டுன கதை, மாமியார் பேசுன பேச்சு, எல்லாத்தையும் கண்ணீர் வர்ற மாதிரி பதினொரு பக்கம் எழுதுனேன். பொருள்ங்கிற இடத்துல மட்டும் 'உதவி வேண்டுதல் தொடர்பாக'ன்னு போட்டேன். அதிகாரி அந்த ஒரு வரியத்தான் பாத்தாக. உதவின்னு இருக்கவும் முதியோர் உதவித்தொகை செக்சனுக்குத் தள்ளிட்டாக. ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் வருது, 'மனுதாரருக்கு உரிய வயது நிரம்பவில்லை'ன்னு. அந்தம்மாவுக்கு வயசு முப்பத்தி நாலு. மனுவ எடுத்துக்கிட்டு என்னையத் தேடி வந்துச்சு பாரு, ஒரு வாரம் நான் வேப்பமரத்துப் பக்கமே போகல.

இப்ப உன் முதப் பக்கத்தப் படிக்கிறேன், கேளு. 'நீடித்த, முழுமையான, பங்கேற்பு முறையிலான, காலநிலைத் தாங்குதிறன் கொண்ட ஊரக உருமாற்றம்.' அடேயப்பா! மூச்சு வாங்குது. இதுல கண்மாய் எங்கடா? தேடிக்கிட்டே போனேன், ஒன்பதாம் பக்கத்துல தலைய நீட்டுச்சு. அந்தக் கம்பெனியில படிக்கிற புள்ளை மேசையில இது மாதிரி இன்னும் நூறு கிடக்கும். அது ஒன்பதாம் பக்கம் வரைக்கும் வரும்னு நெனைக்கிற? உன் கலியாணப் பத்திரிகையையே நம்ம ஊர்ல யாரும் அவ்வளவு தூரம் படிக்க மாட்டான். கம்ப்யூட்டருகிட்டச் சொன்னா அதுவே எழுதித் தருதுன்னு சொன்ன. தரட்டும். அது நம்ம கலுங்கப் பாத்திருக்கா?

எழுதிக்க, நான் சொல்றேன். 'எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் 1,800 மீட்டர் தூர்ந்துவிட்டது. கலுங்கு இடிந்திருக்கிறது. இரண்டு மடைக்குப் பலகை இல்லை. 85 ஏக்கர் ஆயக்கட்டில் இப்போது 30 ஏக்கர்தான் பாய்கிறது. 5,40,000 ரூபாய் கிடைத்தால் ஐந்து மாதத்தில் சரிசெய்வோம். 61 குடும்பத்துக்குத் தண்ணீர் கிடைக்கும்.' அம்புட்டுத்தான். என்ன கேடு, எங்க, யாருக்கு, என்ன செய்வ, எத்தனை நாள், எத்தனை ரூவா. ஆறு கேள்விக்கும் பதில் ஒரே மூச்சுல வந்துருச்சு. மிச்சம் நாப்பத்தஞ்சு பக்கத்துல பத்தப் போதும்னு வச்சுக்க. முதல்ல ரெண்டே பக்கத்துல சுருக்கம் அனுப்புன்னு சில இடத்துல கேப்பாக. ரெண்டுன்னா ரெண்டுதான். எழுத்தப் பொடிசாக்கி அஞ்சு பக்கத்த ரெண்டுல அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். படிக்கிறவுகளுக்கும் கண்ணு இருக்கு.

சரி, யாருகிட்ட கேட்ட? போன வருசம் இருபத்தேழு கம்பெனிக்கு ஒரே கடுதாசிய அனுப்புனியாமே. 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்'னு. பொண்ணு பாக்கப் போறவன் 'அக்கா அல்லது தங்கச்சி, யாரா இருந்தாலும் சரி'ன்னு சொல்ற மாதிரி இருக்கு. பதில் வந்துச்சா? வராது.

உன் தங்கச்சி அன்னைக்குச் சட்டத்தப் படிச்சுக் காட்டுனா. 2013 கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் அந்தக் கம்பெனி தன்னோட கடைசி மூணு வருசச் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும். 2014 ஏப்ரல்ல இருந்து நடப்பு. எதுக்குச் செலவழிக்கலாம்னு ஏழாம் அட்டவணையில பட்டியலே இருக்கு. கல்வி, சுகாதாரம், குடிதண்ணி, மண்ணு நீர் வளம், ஊரக வளர்ச்சி, இப்படி. அதுல எந்த வரியில நம்ம கண்மாய் உக்காருதுன்னு நீதான் சொல்லணும். அவுக தேடிக் கண்டுபிடிப்பாகன்னு விட்றாத. இன்னொண்ணு, கம்பெனி தான் இருக்கிற சுத்துவட்டாரத்துக்கு முன்னுரிமை குடுக்கணும்னும் அதே சட்டத்துலதான் இருக்கு. நீ என்னடான்னா பக்கத்துல பைபாஸ் ரோட்டுல புகை விடுற மில்லத் தாண்டி மெட்ராசுக்குத் தபால் போட்டிருக்க. அந்த மில்லு இந்தக் கணக்குல வருமான்னு முதல்ல விசாரி. வந்துச்சுன்னா, அவுக பட்ஜெட்டு போடுறதுக்கு முன்னாடியே போய் நில்லு. மார்ச்சு கடைசியில போனா பந்தி முடிஞ்சு எலை எடுக்கிற நேரம்.

இதெல்லாம் புதுசுன்னு நெனைக்காத. பத்துப்பாட்டுல அஞ்சு ஆற்றுப்படை. ஒண்ணு முருகன்கிட்ட வழிகாட்டுது, மத்த நாலும் கலைஞர்களுக்கு. பரிசு வாங்கிட்டு வர்றவன், வறுமையில எதுக்க வர்றவன நிறுத்தி, அந்த வள்ளல் எப்படிப்பட்டவன், எந்த வழியா போகணும், வழியில எந்த ஊர்ல என்ன சோறு கிடைக்கும்னு ஒண்ணு விடாமச் சொல்லுவான். நிதி வாங்குறதுக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்ட மொத ஆளுக நம்ம ஆளுகதான். நீயும் அந்த மாதிரி, அதே கம்பெனிகிட்ட வாங்கின வேறொரு டிரஸ்டுக்காரனப் போய்ப் பாரு. டீ வாங்கிக் குடு. அவுக எதை ரசிக்கிறாக, எதைக் கண்டா முகத்தச் சுளிக்கிறாக, பணம் எத்தனை தவணையில வருதுன்னு கேளு. அப்புறம் அந்தக் கம்பெனியில இதப் பாக்கிற அதிகாரிக்கு ஒரு போனப் போடு. 'கண்மாய் வேலைக்குக் குடுப்பீகளா?'ன்னு ஒரு கேள்வி. இல்லேன்னா உனக்கு நாப்பத்தாறு பக்கம் மிச்சம்.

நேர்லயும் ஒரு தடவை போய்ப் பாரு. அதியமான் நேர்ல பாக்காமலே பரிசு குடுத்தனுப்பினான்னு, புலவர் பெருஞ்சித்திரனார் அத வேண்டாம்னுட்டாரு. புறநானூத்துல இருக்கு. உனக்கு அம்புட்டு ரோசம் வேண்டாம், பாக்காமக் குடுத்தாலும் வாங்கிக்க. ஆனா குடுக்கிறவன் நம்ம கலுங்கு மேல ஒரு தடவ ஏறி நின்னுட்டான்னா, அப்புறம் உன் காகிதம் அவன் கண்ணுக்கு வேற மாதிரி தெரியும்.

முப்பத்தொண்ணாம் பக்கத்துக்கு வா. 'தருமபுரி மாவட்ட மலைக்கிராமப் பெண் குழந்தைகளின் பள்ளி இடைநிற்றலை இத்திட்டம் குறைக்கும்.' நம்ம ஊரு எப்படா மலையேறுச்சு? பழைய முன்மொழிவுல இருந்து ஒட்டிட்டு மாத்த மறந்துட்ட. மொய் நோட்டுல போன முகூர்த்தத்து மாப்பிள்ளை பேரப் போட்டு வச்சா பொண்ணு வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? கடைசியா ஒரு தடவை, இதுல சம்பந்தமே இல்லாத ஒருத்தரப் படிக்கச் சொல்லு. உங்க அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டு. அவுகளுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும். தூங்கிட்டாகன்னா திருத்து.

அடுத்து 'பலன்கள்'னு ஒரு பக்கம். 'மூன்று விழிப்புணர்வுக் கூட்டம், ஐந்நூறு துண்டறிக்கை, பத்தாயிரம் கன மீட்டர் மண்.' இது பலனாடா? பந்தியில எலை போடுறது வேலை. எத்தனை எலை விழுந்துச்சுங்கிறது எண்ணிக்கை. சாப்பிட்டவன் வயிறு நெறஞ்சு எந்திரிச்சானாங்கிறதுதான் பலன். நீ எலை எண்ணிக்கையச் சொல்லி மொய் கேக்கிற. மண்ணு அள்ளுனா என்னாச்சு? தண்ணி நின்னுச்சா? எத்தனை நாள்? கடைமடை வயலுக்குப் போச்சா? எத்தனை ஏக்கர் கூட நட்டாக? அதச் சொல்லு.

அதுக்கு இப்பவே ஒரு காரியம் செய்யணும். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி என்ன நெலமைன்னு எழுதி வை. நம்ம நீர்பாய்ச்சிகிட்டப் போ. போன மூணு வருசத்துல எத்தனை நாள் மடை தொறந்தாரு, எந்த வயலோட தண்ணி நின்னுபோச்சு, எல்லாம் விரல் மடக்கிச் சொல்லுவாரு. மடைக்கல்லுல அளவுக்கோடு போட்டுப் போட்டோ எடு. நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்காம மருந்து குடுத்துட்டு, 'கொறஞ்சிருச்சு'ன்னா எவன் நம்புவான்?

ஒரு எச்சரிக்கை. மழைய நீ வாக்குக் குடுக்காத. 'இத்திட்டத்தால் கண்மாய் ஆண்டுதோறும் நிரம்பும்'னு எழுதியிருக்க. நீ என்ன, வருணபகவானுக்கு மச்சினனா? 'மழை பெய்தால் வரும் தண்ணீர் வழியில் வீணாகாமல் கண்மாய்க்கு வரும்'னு எழுது. மழை தவறுனா என்ன செய்வ, ஐப்பசி மழை முந்திக்கிட்டா மிசினை எப்ப வெளிய எடுப்பன்னும் நாலு வரி எழுது. கஷ்டம் வரும்னு தெரிஞ்சவன் கையிலதான் காசு குடுக்கத் தோணும்.

அப்புறம், கண்மாய் யாரு வீட்டுச் சொத்து? உங்க அப்பன் எனக்குத் தெரியாம வாங்கிப் போட்டானா? 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத்துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். நம்மது 85 ஏக்கர், ஒன்றியத்துக் கண்மாய். அவுக அனுமதிக் கடுதாசி இல்லாம மிசின எறக்குனா மிசினையும் தூக்கிட்டுப் போவாக, உன்னையும் தூக்கிட்டுப் போவாக. அந்தக் கடுதாசிய இணைப்புல வை. அதோட டிரஸ்டுப் பத்திரம், மூணு வருசத் தணிக்கை, 12ஏ, 80ஜி. அந்த ரெண்டும் முந்தி மாதிரி ஆயுசுக்கும் இல்ல, கெடு முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும். நிதி ஆயோக்கோட தர்பன் எண்ணு. கம்பெனி காசு வேணும்னா 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் வேணும். சொக்கத்தங்கமா எழுதினாலும் இந்த எண்ணு இல்லேன்னா வாசல்லயே திருப்பிருவாக.

'அமெரிக்காவுல நம்ம சொந்தக்காரவுக இருக்காக, அவுககிட்ட வாங்கலாம்'னு ஒரு வார்த்தை விட்டியே. அதுல சூதானம். இந்தியப் பாஸ்போர்ட்டோட அங்க இருக்கவன் தன் சம்பாத்தியத்துல அனுப்புறது வேற. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டான்னா, நம்ம ஒண்ணுவிட்ட பங்காளியா இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்குன்னு இருக்கிற 2010 சட்டத்துல பதிவு வேணும். 2020-ல திருத்தம் போட்டு, டெல்லி ஸ்டேட் பாங்கு முதன்மைக் கிளையில கணக்குத் தொறக்கணும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தத் தாண்டக்கூடாது, வாங்கினத இன்னொரு டிரஸ்டுக்குக் கைமாத்தி விடக்கூடாதுன்னு இறுக்கிட்டாக. பங்காளி பாசம் வேற, சட்டம் வேற.

இப்ப முக்கியமான எடத்துக்கு வருவோம். ரூவா. 'கண்மாய் சீரமைப்பு 10,00,000. விழிப்புணர்வு 2,00,000. இதர செலவுகள் 1,50,000.' இது பட்ஜெட்டு இல்லடா, முழுப் பூசணிக்காய். அதுவும் சோத்துக்குள்ள வச்சிருக்க. பத்து லட்சத்துல என்னென்ன? அறுத்துப் போடு, பாப்போம். வரத்துக்காலுக்கு இட்டாச்சி 140 மணி நேரம், மணிக்கு 1,500 ரூவா, ஆக 2,10,000. கலுங்குக்குச் சிமெண்டு, கல்லு, கொத்தனார் கூலி எல்லாம் சேத்து 1,60,000. மடைப்பலகை ரெண்டு, ஒண்ணு 45,000, ஆக 90,000. வேலைய நின்னு பாக்க ஒருத்தர், மாசம் 8,000, அஞ்சு மாசம், 40,000. தணிக்கைக்கு 15,000. போக்குவரத்து, போட்டோ, அறிக்கை 25,000. கூட்டு. 5,40,000. உன் பதிமூணரை லட்சம் எங்க, இது எங்க? கூட்டிக் கேட்டாத்தான் குறைச்சுக் குடுப்பாகன்னு யாரோ உனக்கு ஓதியிருக்கான். மாட்டுத்தரகன் துண்டுக்கு அடியில விரலப் புடிக்கிற வேலை இது. அவன் ஒரு தடவ மாட்டிக்கிட்டா அடுத்த சந்தைக்குப் போயிருவான். நீ எங்க போவ?

அதே நேரம், மேற்பார்வை ஆளுக்கும் கணக்கு எழுதுறவுகளுக்கும் உன் காகிதத்துல ஒரு பைசா இல்ல. 'தன்னார்வலர்கள் செய்வார்கள்.' யாரு, நீயும் உன் சேக்காளி ரெண்டு பேருமா? வெயில்ல நின்னு மிசின் மீட்டரு பாக்கிறவனுக்கு சோறு வேண்டாமா? நாணயமா இருக்கிறதுக்கும் ஒரு செலவு இருக்கு, அத மறைக்காமக் கேளு. அப்புறம் நம்ம பங்கு என்னன்னு எழுது. 61 குடும்பம், ஆளுக்கு நாலு நாள், கரையில சீமைக்கருவேலத்த வெட்டுவாக. 244 ஆள் வேலை. நாளைக்கு 400 ரூவான்னு போட்டாலும் 97,600. வண்டல அவுகவுக தாலுகா ஆபீசு அனுமதி வாங்கி, சொந்த டிராக்டருல வயலுக்கு அள்ளிக்குவாக. மண்ணத் தூக்குற செலவு உனக்கு இல்ல. அதக் காட்டு. கைய ஏந்தி நிக்கிற ஊருக்குக் குடுக்கிறதும், மண்வெட்டியோட நிக்கிற ஊருக்குக் குடுக்கிறதும் ஒண்ணா?

நீ இத மனுன்னு நெனச்சுத்தான் எழுதியிருக்க, பேராண்டி. தப்பு அங்கதான். முதப் பக்கம் மட்டும்தான் மனு. மிச்சமெல்லாம் மொய் நோட்டு. மொய் எழுதுற மேசையில முப்பத்தேழு வருசம் உக்காந்தவன் சொல்றேன், வாங்கினவன் மறந்துருவான், எழுதினவன் மறக்கவே மாட்டான். 501 வச்சவன், தன் வீட்டு விசேசத்துக்கு 251 வந்துச்சுன்னா நோட்டத் தூக்கிக்கிட்டு வருவான். கேக்கிற ஒவ்வொரு ரூவாயும் நாளைக்கு உன்னையத் திருப்பிக் கேக்கப்போற ரூவா. செய்ய முடியாதத எழுதாத. எழுதினதுல பின்வாங்காத.

ஒரு தடவ சுத்துலா பஸ்ஸுல உத்திரமேரூரு போனோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சொவத்துல கல்வெட்டு. முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919, 921-ஆம் வருசத்தது. அந்தக் காலத்துலயே ஏரிக்குன்னு ஏரி வாரியம், அதுக்குக் குடவோலையில ஆள் எடுப்பு. யாரு நிக்கக்கூடாதுன்னு ஒரு பட்டியல் இருக்கு பாரு, அதுல ஒண்ணு, முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன். அவன் மட்டும் இல்ல, அவன் சொந்தக்காரனும் நிக்கக்கூடாதாம். உடனே எனக்கு உன் நெனப்புதான் வந்துச்சு. நீ கணக்கு காட்டலேன்னா நானும் சேந்துல்ல அடிபடுவேன்? அதனால பயன்பாட்டுச் சான்றிதழ எப்பக் குடுப்ப, மூணு மாசத்துக்கு ஒருக்கா என்ன சொல்லுவன்னு முன்மொழிவுலயே எழுதிரு. பணம் தீந்த பொறகு மடைப்பலகைக்கு எண்ணெய் போடுறது யாரு, வருசா வருசம் வரத்துக்கால வெட்டுறதுக்கு ஏக்கருக்கு எவ்வளவு வசூல்னு ஊர்க்கூட்டத்துல தீர்மானம் போட்டு, கையெழுத்தோட இணைச்சிரு.

இவ்வளவும் செஞ்சும் 'இல்லை'ன்னு வரலாம். வந்தா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் படுக்காத. நன்றின்னு ஒரு வரி எழுதி, எதனால விட்டுப்போச்சுன்னு கேளு. நான் எழுதுன மனுவுல திரும்பி வந்ததுதான் அதிகம். திரும்பி வந்த மனுவப் பாத்துத்தான் நான் மனு எழுதவே படிச்சேன்.

சரி, இந்தா. எடுத்துக்க. 1,001 ரூவா. உன் டிரஸ்டுக்கு மொத நன்கொடை என்னோடது. ஏன் இம்புட்டுத்தானான்னு பாக்காத. ரொக்கமா 2,000-த்துக்கு மேல குடுத்தா 80ஜி சலுகை கிடையாதாம், உன் தங்கச்சிதான் சொன்னா. வரி கட்டுற அளவுக்கு எனக்கு எந்தக் காலத்துல வருமானம் இருந்துச்சு, அது வேற கதை.

இப்ப நான் குடுத்தவன், நீ வாங்கினவன். கேக்கிறேன், சொல்லு. இந்த 1,001-ல இட்டாச்சி எத்தனை நிமிசம் ஓடும்? எந்த வயலுக்கு அதனால தண்ணி போகும்? தை மாசம் நான் கரைக்கு வந்தா எதக் காட்டுவ? என்னடா முழிக்கிற? நாப்பத்தாறு பக்கத்துல எங்கயாச்சும் இருக்கும், பொறுமையாத் தேடு. இருந்தா அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சு எடுத்து, அதுல இருந்து எழுத ஆரம்பி.

எங்க எந்திரிச்சிட்ட? ரசீது போட்டுட்டுப் போ.